உண்ணுதல் கோளாறு: முதல் மருத்துவப் பரிசோதனையில் என்ன பார்க்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, வேதாரண்யம் என்று டெல்டாவின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் குடும்பத்தார் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான். நர்ஸுகளும் புதிதாகப் பிராக்டீஸ் தொடங்கிய டாக்டர்களும் கேட்டவை பின்பகுதியில் உள்ளன. மனநல சிகிச்சை முழுவதையும் இங்கே விளக்கவில்லை. முதல் நாளில் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி, அதில் எங்கே தவறு நடக்கிறது என்பது மட்டும்தான் பேச்சு.

1. "சாப்புட மாட்டேங்குறா, அவ்வளவுதானே. பிடிவாதம். இதுக்குப் போயி எதுக்கு ஆஸ்பத்திரி?"

பட்டினி கிடக்கும் உடம்பு தன் செலவைக் குறைத்துக்கொள்ளும். முதலில் கொழுப்பு கரையும், பிறகு தசை. இதயமும் தசைதான், அதுவும் மெலியும். நாடித்துடிப்பு குறையும், ரத்த அழுத்தம் இறங்கும், கை கால் சில்லிட்டுப்போகும். வாந்தி எடுப்பவருக்கும் பேதி மாத்திரை போடுபவருக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி, இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகலாம். இவற்றில் எதுவுமே வெளியே தெரியாமல் இருக்கலாம். சைக்கிளில் டியூஷன் போய் வருவாள், பரீட்சையில் முதல் மார்க் வாங்குவாள், அதே வாரத்தில் மயங்கி விழுவாள்.

மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமாக உள்ளவற்றில் அனோரெக்சியா என்ற உண்ணுதல் கோளாறும் ஒன்று. உடல் சிக்கல்களால் இறப்பவர்களும் உண்டு, தற்கொலையால் இறப்பவர்களும் உண்டு. ஆகவே முதல் சந்திப்பிலேயே இரண்டையும் பார்த்தாக வேண்டும். அவள் "ஆமாம், எனக்குப் பிரச்சினை இருக்கு" என்று ஒப்புக்கொள்ளும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நாடி பார்க்க யாருடைய ஒப்புதல் வாக்குமூலமும் வேண்டாம்.

சாப்பாட்டைக் குறைத்து மெலிந்துகொண்டே போவது அனோரெக்சியா. அளவில்லாமல் தின்றுவிட்டு வாந்தி, பேதி, கடும் உடற்பயிற்சி என்று ஈடுகட்டுவது புலிமியா. ஈடுகட்டாமல் அடிக்கடி கட்டுப்பாடின்றி உண்பது ஒரு வகை. எடை பற்றிய எண்ணமே இல்லாமல் பயத்தாலோ அருவருப்பாலோ உணவை ஒதுக்குவது இன்னொரு வகை. எந்த வகை என்று முடிவாவதற்கு முன்பே உடல் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும்.

2. "எந்த டாக்டர்கிட்ட காட்டுறது? நேரா மனநல டாக்டர்கிட்டயா?"

நாடி, பி.பி., இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை ஆகிய நான்கும் ஒரே இடத்தில் பார்க்கக்கூடிய டாக்டர் யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவரிடம் முதலில். பெரியவர்களுக்குப் பொது மருத்துவர், பிள்ளைகளுக்குக் குழந்தை மருத்துவர். கும்பகோணம், மயிலாடுதுறை அரசு மருத்துவமனைகள், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எல்லாம் இதற்கு ஏற்றவை. மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவும் அதே வளாகத்தில் இருப்பதால் அலைச்சல் குறையும். பேசி வழி கேட்க 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

மயங்கி விழுந்தால், வலிப்பு வந்தால், நெஞ்சு வலியோ படபடப்போ இருந்தால், வாந்தியில் ரத்தம் வந்தால், பேச்சு குழறினால், தண்ணீர்கூட இறங்க மறுத்தால், "செத்துப்போறேன்" என்று சொன்னால் ஓ.பி. சீட்டுக்கு நிற்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

3. "விரதம்னு சொல்றா. எங்க வீட்டுல எல்லாரும்தான் விரதம் இருக்கோம். இது எப்படி நோயாகும்?"

கந்த சஷ்டி, புரட்டாசி சனி, கார்த்திகை சோமவாரம், ரம்ஜான் நோன்பு, தவக்காலம் எதுவானாலும் விரதத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. முடிந்த அன்று எல்லோருடனும் இலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கவலைப்பட வேண்டியது வேறு விதமாக இருக்கும். சஷ்டி முடிந்தும் தொடரும். வீட்டில் யாருமே இருக்காத விரதங்கள் புதிதாக முளைக்கும். விரதத்தில் அனுமதித்த பாலும் பழமும்கூட ஒதுக்கப்படும். முடிக்கச் சொன்னால் பக்தியைவிடப் பதற்றம்தான் அதிகம் தெரியும். டாக்டர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: விரதம் முதலில் வந்ததா, எடைக் குறைவு முதலில் வந்ததா? நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்று இஸ்லாமிலும் கத்தோலிக்க மரபிலும் தெளிவாகவே இருக்கிறது. அதை வீட்டுப் பெரியவர்கள் வாயால் சொல்லவைப்பது நல்லது.

இன்னொன்றும் உண்டு. இங்கே வருகிறவர்களில் பலர் "குண்டாயிடுவேன்னு பயமா இருக்கு" என்று சொல்வதில்லை. "வயிறு கல்லு மாதிரி இருக்கு", "சாப்பாடு இறங்கல", "நெஞ்சைக் கரிக்குது" என்பார்கள். குடல் தட்டி, தொக்கம் எடுத்து, எண்டோஸ்கோப்பி வரை போய், ஒரு வருடம் ஓடிவிடும். உடல் பருமன் பற்றிய பயம் பேச்சில் இல்லை என்பதற்காக அனோரெக்சியா இல்லை என்று தள்ளிவிடக் கூடாது.

4. "எடை பார்க்குறதுல என்ன இருக்கு? பஸ் ஸ்டாண்டு மெஷின்ல 42 காட்டுச்சே."

நிறைய இருக்கிறது. ஒவ்வொரு மெஷினும் ஒரு எண் காட்டும், அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே மெஷின் வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, செருப்பு, கொலுசு, வளையல், பெல்ட், மொபைல் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, மெல்லிய உடையில் நிற்க வேண்டும். உள்ளாடையில் சில்லறை, இடுப்பில் கட்டிய கல் எல்லாம் நடக்கிற விஷயம்தான். அது நோயின் பயம், திருட்டுப் புத்தி அல்ல, திட்ட வேண்டாம். கிளம்புமுன் 2 லிட்டர் தண்ணீர் குடித்தால் மெஷினில் 2 கிலோ கூடும். சிறுநீரின் அடர்த்தி எண் 1.005-க்குக் கீழே வந்தால் தண்ணீர் ஏற்றி வந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். அளவுக்கு மீறிக் குடித்தால் சோடியம் இறங்கி வலிப்பே வரலாம். முடிந்தவரை முதுகை மெஷினின் எண்பலகைப் பக்கம் திருப்பி நிற்கவைத்து, எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

உயரத்தை அவர் சொல்வதை வைத்து எழுதாமல் அளந்து எழுதுங்கள். 158 செ.மீ. உயரம், 40 கிலோ என்றால் பி.எம்.ஐ. (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 16. வயது வந்தவருக்கு 18.5-க்குக் கீழே குறைவு, 15-க்குக் கீழே மிகக் கடுமை. வளரும் பிள்ளைகளுக்கு இந்த எண்கள் பொருந்தாது. அவர்களுக்கு இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வளர்ச்சி அட்டவணையில் அந்த வயதின் நடுமதிப்பைப் பார்த்து, அதில் எத்தனை சதவீதம் என்று கணக்கிட வேண்டும். நடுமதிப்பு 20, பிள்ளையின் பி.எம்.ஐ. 15 என்றால் 75 சதவீதம். அந்த அளவிலோ அதற்குக் கீழோ இருந்தால் அட்மிஷன் பற்றிப் பேச வேண்டும். பள்ளி உடல்நலப் பதிவு, பழைய மருந்துச் சீட்டு எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். வளரும் வயதில் ஏறாமல் நின்றுபோன எடையும் குறைந்த எடைதான்.

5. "எங்க அக்கா பையன் இன்னும் பார்க்கக் கொஞ்சம் பூசினாப்புலதான் இருக்கான். அவனுக்கெல்லாம் இது வருமா?"

வரும். 72 கிலோவிலிருந்து ஐந்து மாதத்தில் 55-க்கு இறங்கியவன் உடம்பில் கிட்டத்தட்ட கால்வாசியை இழந்திருக்கிறான். பி.எம்.ஐ. சரியாக இருந்தாலும் அவன் நாடி 45-ஆக இருக்கலாம். எவ்வளவு வேகமாக, எவ்வளவு பங்கு குறைந்தது என்பதுதான் ஆபத்தைச் சொல்லும். அதனால் வாழ்நாளில் இருந்த அதிகபட்ச எடை, எப்போது, அதற்குப் பின் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு என்று கேட்டு எழுத வேண்டும். "நல்லா ஸ்லிம் ஆயிட்டியே தம்பி" என்று ஊரே பாராட்டிக்கொண்டிருக்கும்போதுதான் ஆண்பிள்ளைகளின் நோய் தப்பிப்போகிறது. ஜிம், புரோட்டீன் பவுடர், சோறே தொடாத டயட், கொழுப்பு கரைக்கும் மாத்திரை எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

6. "டாக்டரு படுக்கவெச்சு ஒருதடவை, நிக்கவெச்சு ஒருதடவை பல்ஸ் பார்த்தாரு. எதுக்கு ரெண்டு தடவை?"

இந்தப் பரிசோதனைக்குக் காசு ஆகாது, பி.பி. கருவியைத் தவிர வேறு எதுவும் வேண்டாம், பத்து நிமிடம் போதும். அப்படியிருந்தும் கூட்டமான ஓ.பி.யில் முதலில் விட்டுப்போவது இதுதான் என்பது வருத்தம். ஐந்து நிமிடம் அசையாமல் படுக்கவைத்து நாடியும் பி.பி.யும் எடுக்க வேண்டும். பிறகு எழுந்து நிற்கவைத்து இரண்டு, மூன்று நிமிடம் கழித்து மறுபடி. நாடியை முழு ஒரு நிமிடம் கையால் எண்ணுங்கள். விரல் சில்லிட்டிருந்தால் ஆக்சிமீட்டர் தப்பாகக் காட்டும். மெலிந்த கையில் பெரிய பி.பி. பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாக வரும், சிறிய பட்டை வேண்டும்.

பகலில் விழித்திருக்கும்போது நாடி 50-க்குக் கீழே, தூக்கத்தில் 45-க்குக் கீழே, மேல் அழுத்தம் 90-க்குக் கீழே, உடல் வெப்பம் 35.6 செல்சியஸுக்குக் கீழே, அதாவது சுமார் 96 பாரன்ஹீட். பிள்ளைகளிடம் இவற்றில் ஒன்று இருந்தாலும் வார்டில் வைத்துப் பார்ப்பது பற்றி யோசிக்க வேண்டும். பெரியவர்களுக்கு நாடி 40-க்குக் கீழே போனால் தயக்கமே வேண்டாம். நிற்கும்போது நாடி 30-க்கு மேல் எகிறினாலோ (பதின்வயதினருக்கு 40), மேல் அழுத்தம் 20-க்கு மேல் இறங்கினாலோ உடம்பு தாக்குப்பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

கூடவே ஒரு தசைச் சோதனை. தரையில் மல்லாந்து படுத்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் எழச் சொல்லுங்கள். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது, அல்லது முடியவே இல்லை என்றால் அது ஆபத்தான அறிகுறி.

7. "அவ ஸ்கூல் அத்லெட். ஓடுற புள்ளைக்கு பல்ஸ் கம்மியாத்தானே இருக்கும்?"

நன்றாகச் சாப்பிட்டு ஓடும் பிள்ளைக்கு இருக்கலாம். அவளை அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடக்கவைத்துப் பாருங்கள். பயிற்சி பெற்ற இதயம் கொஞ்சம்தான் கூடும். பட்டினி இதயம் 44-லிருந்து 90, 100 என்று தாவும். எடை குறைந்திருக்கிறது, மாதவிடாய் நின்றிருக்கிறது என்றால் "அத்லெட்" என்ற பதிலை ஏற்கவே வேண்டாம்.

8. "சாப்புட்டதும் பாத்ரூம் போயிடுறா. வாந்தி எடுக்குறாளான்னு டாக்டரால கண்டுபிடிக்க முடியுமா?"

பல நேரம் முடியும். விரலைத் தொண்டைக்குள் விடும்போது மேல்பல் உரசி, கை முட்டிகளின் மேல் காய்ப்போ தழும்போ விழும். 1979-ல் புலிமியாவை விவரித்த ஜெரால்ட் ரஸ்ஸல் குறித்த அடையாளம் இது. மேல் முன்பற்களின் உட்புறம் அமிலத்தால் தேய்ந்திருக்கும், அதனால் கண்ணாடியில் பார்த்தால் தெரியாது, டாக்டர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். காதுக்குக் கீழே இரண்டு கன்னமும் வலியில்லாமல் உப்பியிருக்கும். இதைப் பொன்னுக்கு வீங்கி என்று நினைத்து வேப்பிலை கட்டி விட்டுவிடுவதுண்டு. ஆனால் பொன்னுக்கு வீங்கியில் வலியும் காய்ச்சலும் இருக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் வடிந்துவிடும்.

இவை எதுவுமே இல்லாமலும் வாந்தி எடுப்பவர்கள் உண்டு. பழகிவிட்டால் விரலே தேவைப்படாது. ஆகவே அடையாளம் இல்லை என்பதை வைத்து முடிவு செய்யாமல் பொட்டாசியம் பார்க்க வேண்டும். வாந்தி எடுத்ததும் பல் துலக்கினால் அமிலத்தில் ஊறிய எனாமல் இன்னும் தேயும், வெறும் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

9. "என்னென்ன டெஸ்ட் எடுக்கணும்? லேப்ல பேக்கேஜ் போட்டா போதுமா?"

ரத்த அணுக்கள், சுகர், யூரியா, கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட், கால்சியம், மெக்னீசியம், பாஸ்பரஸ், கல்லீரல் சோதனை, டி.எஸ்.எச். (தைராய்டு சோதனை), இ.எஸ்.ஆர். (உடம்பில் அழற்சி இருந்தால் ஏறுவது), சிறுநீர், இ.சி.ஜி. மாதவிடாய் தள்ளிப்போனவர்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும். "எலக்ட்ரோலைட்ஸ்" என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மட்டுமே வரும். பாஸ்பரஸும் மெக்னீசியமும் தனியாக எழுத வேண்டும். கேள்வி 13-ஐப் படித்தால் அவை ஏன் முக்கியம் என்று புரியும்.

ரத்தம் எடுத்த டியூப் வெயிலில் பஸ்ஸில் குலுங்கி இன்னொரு ஊர் லேபுக்குப் போனால் அணுக்கள் உடைந்து பொட்டாசியம் வெளியே கசியும். உண்மையில் 2.9 உள்ளவருக்கு 3.8 என்று நல்ல ரிப்போர்ட் வந்துவிடலாம். "ஹீமோலைஸ்டு" என்று ரிப்போர்ட்டில் இருந்தால் அந்த எண்ணை நம்பாமல் மறுபடி எடுங்கள்.

10. "எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். அப்புறம் என்ன, ஒண்ணுமில்லதானே?"

மிகவும் ஆபத்தான தப்புக்கணக்கு இது. உடம்பு கடைசிவரை ரத்தத்தின் உப்புகளைச் சமாளித்துக்கொண்டிருக்கும். கடுமையாக மெலிந்தவர்களில் பலருக்கு முதல் நாள் ரிப்போர்ட் சரியாகவே இருக்கும். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசையே கரைந்தவருக்கு 0.9 என்பது "நார்மல்" போலத் தெரிந்தாலும் சிறுநீரகம் திணறிக்கொண்டிருக்கலாம். வெள்ளை அணு குறைந்திருப்பவருக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் தொற்று முற்றும். கேள்வி 6-ல் சொன்ன எண்கள் மோசமாக இருந்தால், ரத்த ரிப்போர்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் நாடிக்கே முதல் மதிப்பு.

11. "டி.பி.யா இருக்குமோ, தைராய்டா இருக்குமோன்னு பயமா இருக்கு. அதெல்லாம் பார்க்காம மனசுல வியாதின்னு சொல்லிடுவாங்களா?"

சொல்லக் கூடாது. காசநோய், சர்க்கரை நோய், தைராய்டு அதிகமாதல், குடல் அழற்சி, உணவுக்குழாய் கோளாறு, அட்ரீனல் சுரப்பிக் குறைபாடு, மூளையில் கட்டி எல்லாமே எடையைக் குறைக்கும். இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை இருந்தால் சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் கட்டாயம். பேதியில் ரத்தம், விழுங்கும்போது அடைப்பு, காலையில் தலைவலியோடு வாந்தி இருந்தால் அந்தந்த வழியில் தேட வேண்டும்.

இரண்டு குறிப்புகள் உதவும். வெறும் பட்டினியில் இ.எஸ்.ஆர். ஏறாது. அது 60, 70 என்று வந்தால் வேறு நோயைத் தேடுங்கள். வாந்தி எடுப்பவருக்குப் பொட்டாசியம் குறையும். சோடியம் குறைந்து பொட்டாசியம் கூடியிருந்தால் அட்ரீனலைச் சந்தேகியுங்கள். தைராய்டு ஹார்மோனான டி3 மட்டும் குறைந்து டி.எஸ்.எச். சரியாக இருந்தால் அது உடம்பு சிக்கனம் பிடிப்பது. அதற்குத் தைராய்டு மாத்திரை கொடுத்தால் இருக்கிற எடையும் போகும்.

இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிப் பிள்ளை மெலிந்தால், எடைக்காக ஊசியை வேண்டுமென்றே விடுகிறதா என்று கேட்டே ஆக வேண்டும். இரண்டு நோயும் ஒரே ஆளிடம் இருக்கலாம்.

12. "நாலு மாசமா தீட்டு வரல. ஸ்கேன்ல பி.சி.ஓ.டி.ன்னு சொல்லி மாத்திரை குடுத்துருக்காங்க. சரியா?"

எடை குறைந்து மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் ஸ்கேனில் சினைப்பையில் பல சிறு கொப்புளங்கள் தெரியலாம். அதைப் பார்த்து "பி.சி.ஓ.டி., எடையைக் குறை" என்று சொல்லிவிட்டால், நோயின் வாயிலேயே அவல் போட்டதுபோல ஆகிவிடும். எடை வரலாற்றைக் கேட்காமல் ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

ஹார்மோன் மாத்திரையில் வரும் ரத்தப்போக்கு உடம்பு தேறியதற்கு அடையாளம் அல்ல, எலும்பையும் அது காக்காது. மாதவிடாய் ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்தால் எலும்பு அடர்த்தியை டெக்சா ஸ்கேனில் பார்க்க வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் ஆரம்பத் தேய்வு தெரியாது. இன்னொரு பக்கம், மாதவிடாய் ஒழுங்காக வருகிறது என்பதால் நோய் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2013-லிருந்து அனோரெக்சியாவின் வரையறையில் அந்த நிபந்தனையே இல்லை.

13. "சோர்ந்து கெடந்தா, நம்ம ஊரு கிளினிக்குல ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா தெம்பு வந்துடாதா?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். பல நாள் பட்டினி கிடந்தவர் உடம்பு கொழுப்பை எரித்து ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று சர்க்கரை உள்ளே போனால் இன்சுலின் பொங்கும். அது ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் அவை சரிந்ததும் இதயம் தடுமாறும், மூச்சுத் தசைகள் தளரும், வலிப்பு வரலாம், உயிர் போகலாம். இரண்டாம் உலகப் போர் முடிவில் விடுவிக்கப்பட்ட கைதிகள் வயிறாரச் சாப்பிட்ட பிறகு இறந்ததில் மருத்துவ உலகம் கண்டுகொண்டது இது. மீளூட்ட நோய்க்குறி என்பார்கள். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமினும் செலவழிந்து, மூளை பாதித்து, பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடும்.

பி.எம்.ஐ. 16-க்குக் கீழே, மூன்று முதல் ஆறு மாதத்தில் 15 சதவீதத்துக்கு மேல் எடை இழப்பு, பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதது, சாப்பிடத் தொடங்கும் முன்பே பாஸ்பரஸோ பொட்டாசியமோ மெக்னீசியமோ குறைந்திருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலே ஆபத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு முதலில் ரத்தம் எடுத்து, தயமின் கொடுத்து, பிறகுதான் உணவு. முதல் வாரத்தில் தினமும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் பார்க்க வேண்டும். முதல் நாள் சரியாக இருந்த பாஸ்பரஸ் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் விழும். பெரியவர்களுக்கு 2.5-க்குக் கீழே வந்தால் உடனே ஈடுசெய்ய வேண்டும்.

இதற்காக உணவுக்கே பயப்பட வேண்டாம். பயந்துபோய் ஒரு வாரம் வெறும் கஞ்சித் தண்ணீரில் வைத்திருந்தால் பட்டினியாலேயே ஆள் போய்விடலாம். அளவை டயட்டீஷியனும் டாக்டரும் சேர்ந்து வைத்து, ரிப்போர்ட்டைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். சுகர் 54-க்குக் கீழே விழுந்து நினைவு தடுமாறுகிறவருக்குக் குளுக்கோஸ் உடனே ஏற்றத்தான் வேண்டும். தயமினையும் அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

14. "பசிக்கு டானிக், வாந்திக்கு மாத்திரை மெடிக்கல்ல வாங்கிக் குடுத்துக்கிட்டு இருக்கோம். தப்பா?"

பசி டானிக் தூக்கம் வரவைக்கும், நோயைத் தொடாது. வாந்தி மாத்திரைகளான ஆன்டான்செட்ரானும் டாம்பெரிடோனும் இதயத்தின் மின்னோட்டத்தில் க்யூ.டி. என்ற இடைவெளியை நீட்டக்கூடியவை. பொட்டாசியம் குறைந்தவருக்கு இ.சி.ஜி. பார்க்காமல் அவற்றைக் கொடுக்கக் கூடாது.

அவர்களாகவே ரகசியமாக எடுப்பதையும் கேட்க வேண்டும். "பேதி மாத்திரை போடுறியா?" என்றால் இல்லை என்பார்கள். நிலாவாரைச் சூரணம், திரிபலா, விளக்கெண்ணெய், வயிறு சுத்தம் செய்யும் டீ என்று பெயர் பெயராகக் கேட்டால் தலையாட்டுவார்கள். நிலாவாரை வேலை செய்வது பெருங்குடலில். சாப்பாட்டின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் ஏறிவிடும். எடை குறைவதுபோலத் தெரிவது தண்ணீரும் பொட்டாசியமும் போவதால். திடீரென நிறுத்தினால் சில நாள் காலும் முகமும் வீங்கும், தானாக வடியும். அந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை கொடுத்தால் பொட்டாசியம் மறுபடி பாதாளத்துக்குப் போகும்.

15. "எங்கள வெளிய உக்காரச் சொல்லிட்டு பொண்ணுகிட்ட தனியா பேசுறாங்க. பெத்தவங்களுக்குத் தெரியாம என்ன பேச்சு?"

வாந்தி, பேதி, கேலி, காதல், அத்துமீறல், சாக வேண்டும் என்ற எண்ணம். இவற்றை அம்மா அப்பா முன்னால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. உயிருக்கு ஆபத்து என்றால் டாக்டர் உங்களிடம் கட்டாயம் சொல்வார். பிறகு உங்களையும் தனியாகக் கேட்பார். வீட்டில் என்ன நடக்கிறது என்பதில் பாதி உங்களுக்குத்தான் தெரியும்.

தனியாக இருக்கும்போது கேட்க ஐந்து கேள்விகள் கொண்ட ஸ்காஃப் என்ற முறை இங்கிலாந்தில் 1999-ல் வெளியானது. வயிறு முட்டிவிட்டதே என்று வாந்தி எடுப்பதுண்டா, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கைமீறிப்போவதாகத் தோன்றுகிறதா, மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்ததா, மற்றவர் ஒல்லி என்றாலும் தான் குண்டு என்று படுகிறதா, வாழ்க்கையையே சாப்பாடு ஆட்டிவைக்கிறதா. இரண்டுக்கு ஆமாம் என்றால் முழுப் பரிசோதனை வேண்டும். ஆனால் கேள்வி 3-ல் சொன்ன "வயிறு கல்லு மாதிரி" ஆட்கள் இதில் தப்பிவிடலாம்.

தற்கொலை பற்றி நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக வராது. ஆமாம் என்ற பதில் வந்தால், வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்தும் எலி பேஸ்ட்டும் அன்று மாலைக்குள் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். பரணில் ஒளித்துவைப்பது போதாது.

16. "மீன் முள்ளு சிக்குனதுலேர்ந்து பையன் கஞ்சி தவிர எதுவும் தொடல. எட்டு வயசு. இதுவும் அதுதானா?"

எடை பற்றிய பயமில்லாத வகை, கேள்வி 1-ல் சொன்னது. முள் இன்னும் தொண்டையில் சிக்கியிருக்கவில்லை என்று காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட வேண்டும். எடை, நாடி, ரத்தப் பரிசோதனை எல்லாம் அப்படியே. கூடுதலாக இரும்பு, பி12, வைட்டமின் டி.

17. "நாடி 42, இ.சி.ஜி. மெஷின் க்யூ.டி.சி. 435 என்று அச்சடிக்கிறது. நம்பலாமா, டாக்டர்?"

நம்ப வேண்டாம். க்யூ.டி.சி. என்பது நாடி வேகத்துக்கு ஏற்பத் திருத்திய க்யூ.டி. பெரும்பாலான மெஷின்கள் அதை பாசெட் சூத்திரத்தில் கணக்கிடும். துடிப்பு மெதுவாக இருக்கும்போது அது இடைவெளியைக் குறைத்துக் காட்டும். க்யூ.டி. 520 மில்லிசெகண்ட், நாடி 42 என்றால் பாசெட்டில் 435, பிரிடெரிசியா சூத்திரத்தில் 462. பெண்களுக்கு 460, ஆண்களுக்கு 450 தாண்டினால் கவனம் தேவை, 500 தாண்டினால் அவசரம். பட்டினி மட்டுமே க்யூ.டி.சி.யை அவ்வளவாக நீட்டாது. நீண்டிருந்தால் பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம், மருந்துச் சீட்டு நான்கையும் தேடுங்கள். மனச்சோர்வு மருந்தான எஸ்சிடலோபிராம் தொடங்கும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே பாருங்கள். இன்னொரு மனச்சோர்வு மருந்தான புப்ரோபியான் வலிப்பைத் தூண்டும், இந்த நோயாளிகளுக்குக் கூடாது.

18. "பொட்டாசியம் 2.7. மூணு நாளா சிரப் குடுக்குறோம், ஏறவே மாட்டேங்குது. எங்க தப்பு?"

முதல் சந்தேகம் மெக்னீசியம். அது குறைந்திருந்தால் கொடுக்கிற பொட்டாசியம் சிறுநீரில் போய்விடும். இரண்டாவது, நீர் வற்றிய உடம்பில் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் கூடி பொட்டாசியத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். நார்மல் சலைனை மெதுவாக ஏற்றினால் அது அடங்கும். வேகமாக ஏற்றினால் கேள்வி 14-ன் வீக்கம் வரும். மூன்றாவது, சிரப் எது? வாந்தியால் பைகார்பனேட் கூடியவருக்குப் பொட்டாசியம் குளோரைடு வேண்டும், சிட்ரேட் நிலையை மோசமாக்கும். நான்காவது, வாந்தி இன்னும் நடக்கிறது. சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் துணைக்கு ஆள் இருக்கட்டும். பைகார்பனேட் கூடியிருந்தால் வாந்தியையும், குறைந்திருந்தால் பேதி மருந்தையும் நினையுங்கள். 2.5-க்குக் கீழே போனால் மானிட்டர் உள்ள படுக்கை தேவை.

19. "அவளுக்கு 22 வயசு. அட்மிஷன் வேணாம்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போறேங்குறா. கட்டாயப்படுத்த முடியுமா?"

முதலில் பேச வேண்டும். ரிப்போர்ட்டை அவள் கையிலேயே கொடுத்து, எந்த எண் ஏன் ஆபத்து என்று காட்டுங்கள். "மூணு நாள், இதயம் சீராகுற வரைக்கும்" என்று கால அளவு சொன்னால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால், 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு எந்தப் பதிவுபெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தர வழி செய்கிறது. நியமனப் பிரதிநிதி, அதாவது சட்டப்படி நோயாளியின் சார்பில் பேசுபவர், அங்கே இருந்தால் அவர் சம்மதம் வேண்டும். அதற்கு மேல் என்றால் 89-ஆம் பிரிவின் கீழ், பிரதிநிதி விண்ணப்பித்து, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகப் பார்த்து ஒப்பினால் 30 நாள் வரை. இந்த அட்மிஷன் சட்டப்படி மனநல நிலையத்தில்தான். 18 வயது ஆகாதவர்களுக்கு விதிகள் வேறு, பெற்றோரே பிரதிநிதி. எல்லாவற்றையும் கேஸ் ஷீட்டில் நேரம் போட்டு எழுதுங்கள்.

20. "இப்போதைக்கு அட்மிஷன் வேணாம்னு அனுப்பிட்டாங்க. அடுத்து எப்போ வரணும்?"

முதல் மாதம் வாரம் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் அதே மெஷினில் எடை, படுத்தும் நின்றும் நாடியும் பி.பி.யும். வாந்தி தொடர்ந்தால் பொட்டாசியமும் வாராவாரம். இரண்டு வாரம் தொடர்ந்து வாரத்துக்கு ஒரு கிலோ குறைந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் வாருங்கள். மன்னார்குடியில் பார்த்ததைத் தஞ்சாவூரில் காட்ட நேர்ந்தால் இ.சி.ஜி. தாளின் நகலையும் எடுத்துப் போங்கள். அது வெப்பத்தாளில் அச்சாவது, சில மாதத்தில் மங்கிவிடும், வாங்கிய அன்றே மொபைலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.